சாவுக்கு வராத தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குத் தாய்மாமனாகப் போகலாமா?

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு 51 வயது. திண்டுக்கல் பக்கம் சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி. சென்னையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 2021 ஏப்ரல் 23-ஆம் தேதி அவள் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். அப்பாவும் அம்மாவும் போய் இருந்துவிட்டு 26-ஆம் தேதி ஊர் திரும்பினார்கள். வந்த பிறகு தெருவில் ஒரு கேதத்துக்கும், பென்ஷன் வேலையாக வங்கிக்கும் அப்பா போனார். மே 8 காய்ச்சல். 12-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 20-ஆம் தேதி காலையில் இறந்துவிட்டார். வயது 74. அம்மாவுக்கும் அப்போது கொரோனா தொற்று. தனி அறையில் இருந்தார். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து நேராக மின் மயானம். கவச உடையோடு நானும் இரண்டு பேரும் மட்டும்தான். மதியம் ஒரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

தங்கச்சி வரவில்லை. ஊரடங்கு இருந்தாலும் இ-பதிவு போட்டால் வரலாம் என்று நானே போனில் சொன்னேன். 'அத்தைக்கு டயாலிசிஸ் நடக்குதுண்ணே, இவங்க யோசிக்கிறாங்க' என்றாள். மயானத்தில் வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுக் காட்டச் சொன்னாள். கொஞ்ச நேரம் காட்டினேன். அப்புறம் கோபத்தில் கட் பண்ணிவிட்டேன். காரியத்துக்கும் வரவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். நான் கடையில் இருந்து வரவில்லை. அதோடு பேச்சு நின்றது. 'அவ வீட்டு விசேஷத்துக்குப் போய்த்தான் வாங்கிட்டு வந்தாரு, அந்த நன்றிகூட இல்லை' என்று ஊரே பேசுகிறது. அவள் வீட்டில் ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை.

இப்போது மருமகளுக்கு, அதாவது தங்கச்சி மகளுக்கு, ஆவணியில் கல்யாணம். தங்கச்சி மாப்பிள்ளை மட்டும் வந்து பத்திரிகை வைத்தார். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். 'நீ சபையில நிக்கலைன்னா அந்தப் புள்ளைக்குக் குறைடா' என்று அம்மா அழுகிறார். இத்தனைக்கும் அம்மாவின் சொந்தத் தம்பிகளே அன்றைக்குக் கோடிச் சேலை போட வரவில்லை. என் மனைவியோ, 'போறதா இருந்தா நீங்க மட்டும் போங்க' என்கிறாள். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் சாவுக்குப் போக வேண்டும் என்று வளர்ந்தவன் நான். அவளை நான் மன்னிக்க வேண்டுமா? இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ரோட்டில் போகாமல் சுற்றித்தான் போகிறேன்.

பதில்:

ஐயா, வணக்கம்.

கல்யாணத்துக்குப் போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகளுக்கு அப்போது 18 வயது இருந்திருக்கும். வீட்டுப் பெரியவர்கள் எடுத்த முடிவில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் இப்போது இருக்கும் மனதோடு போய் மாலையைப் போட்டுவிட்டு, சீர்த் தட்டை வைத்துவிட்டு, தங்கை முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தீர்கள் என்றால் அது இன்னொரு சண்டைக்குத்தான் விதை. அதனால் முகூர்த்தத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

மன்னிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். எதற்காக என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் அவள் மீது மூன்று குற்றச்சாட்டுகள் ஒன்றாகக் கட்டிக் கிடக்கின்றன. அப்பாவுக்கு நோய் அவள் வீட்டில் இருந்து வந்தது, அவள் சாவுக்கு வரவில்லை, அதற்குப் பிறகும் சரியாக வரவில்லை. மூன்றும் ஒன்றில்லை. முதலாவதற்கு ஆதாரம் இல்லை. இரண்டாவதற்குக் காரணம் இருந்தது. மூன்றாவதில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

முதலாவதைப் பார்ப்போம். அப்பா சென்னையில் இருந்து திரும்பியது ஏப்ரல் 26. காய்ச்சல் மே 8. நடுவில் 12 நாள். இந்தக் கிருமி தொற்றியவர்களில் பாதிப் பேருக்கு 5 நாளுக்குள் அறிகுறி வந்துவிடும் என்றும், ஏறக்குறைய எல்லோருக்குமே 12 நாளுக்குள் வந்துவிடும் என்றும் 2020-லேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். 14 நாள் தனிமை என்று அன்றைக்கு வைத்ததே, கடைசியாக வரக்கூடிய ஒன்றிரண்டு பேரையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே தங்கை வீட்டில் தொற்றி, அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல், அப்பாவுக்கு மட்டும் 12-ஆம் நாள் காய்ச்சல் வந்தது என்பது நடக்கவே நடக்காதது இல்லை என்றாலும் அரிது. அந்த நாட்களில் அப்பா தெருவில் ஒரு கேதத்துக்குப் போயிருக்கிறார், வங்கிக்குப் போயிருக்கிறார். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் இரண்டாம் அலை தமிழ்நாடு முழுக்க ஏறிக்கொண்டிருந்தது. யாரிடம் இருந்து வந்தது என்று இனிமேல் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு மளிகைக் கடை. மே மாதத் தொடக்கத்தில் மற்ற கடைகளை அடைக்கச் சொன்னபோதும், மளிகைக் கடைகள் பகல் 12 மணி வரை திறந்திருந்தன. மொத்த ஊரும் அந்த நேரத்துக்குள் உங்கள் கடை வாசலில்தான் நின்றிருக்கும். இரவு நீங்கள் சாப்பிட்டது அப்பா இருந்த அதே வீட்டில். நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கும் ஆதாரம் இல்லை, யாருக்கும் இல்லை. இவ்வளவு விவரமாகத் தேதி போட்டு எழுதிய கடிதத்தில் கடையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வதற்காக. இந்தக் கேள்வி எப்போதாவது நடு ராத்திரியில் உங்களைத் தொட்டிருக்குமோ, அதைப் பார்க்க முடியாமல்தான் தங்கை வீட்டுப் பால் காய்ச்சுதலை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருந்தால் அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊருக்கு அரிசி பருப்பு கிடைக்க வேண்டும் என்று அரசாங்கமே திறக்கச் சொன்ன கடை அது. அதைத் திறந்ததில் ஒரு குற்றமும் இல்லை. மகள் வீட்டு விசேஷத்துக்கு அப்பா அம்மாவைக் கூப்பிட்டதும் அப்படித்தான். பிறந்த வீட்டு ஆட்கள் இல்லாமல் பால் காய்ச்சினால் இதே ஊர் என்ன பேசியிருக்கும்?

நெருக்கமாக வாழும் சமூகத்தில் இந்த நோய் செய்த பெரிய கொடுமை இது. பாசத்தில் நாம் என்னவெல்லாம் செய்வோமோ, அத்தனையும் கிருமிக்கு வழியாகிவிட்டது. விசேஷத்துக்குக் கூப்பிட்டால் தப்பு, கேதத்துக்குப் போனால் தப்பு, பேரனைத் தூக்கினால் தப்பு. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற விசாரணை அன்றைக்கு நடக்காத கூட்டுக் குடும்பமே எனக்குத் தெரிந்து இல்லை. பல வீடுகளில் அது இன்னும் முடியவில்லை.

இரண்டாவது, சாவுக்கு வராதது. சட்டம் அவளைத் தடுக்கவில்லை, அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். மே 17 முதல் நெருங்கிய உறவினரின் சாவுக்கு இ-பதிவு செய்துகொண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் போகலாம் என்று இருந்தது. ஆனால் அந்த வீட்டு நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாமியாருக்கு டயாலிசிஸ். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தத் தொற்று வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அப்போதே எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கூட்டிக்கொண்டு போகிறவருக்கோ வீட்டில் இன்னொருவருக்கோ தொற்று என்றால் அதுவும் சிக்கலாகிவிடும். தங்கைக்கு அப்போது 45 ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குத் தமிழ்நாட்டில் ஊசி போட ஆரம்பித்ததே உங்கள் அப்பா இறந்த அந்த வாரத்தில்தான். ஊசி போடாமல் நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, தொற்றோடு இருக்கும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, திரும்பவும் அந்த மாமியார் இருக்கும் வீட்டுக்குள் அவள் போக வேண்டும்.

'இவங்க யோசிக்கிறாங்க' என்றாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. நம் வீடுகளில் கல்யாணம் ஆன பெண் அப்பா சாவுக்குக் கிளம்புவதுகூட அவள் ஒருத்தியின் முடிவு இல்லை. புருஷன், மாமியார், கொழுந்தன் என்று நாலு பேர் யோசிப்பார்கள். மற்ற நேரமாக இருந்தால் யோசிக்கவே தேவை இருந்திருக்காது. மாமியாரே முதல் ஆளாகச் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார். அந்த மே மாதத்தில் மட்டும் ஒரு வீட்டுக்குச் செய்ய வேண்டிய கடமையும் இன்னொரு வீட்டுக்குச் செய்ய வேண்டிய கடமையும் நேருக்கு நேர் மோதின. கூட்டாக வாழும் பழக்கம் வலுவாக உள்ள இடங்களில்தான் மக்கள் அதிகமாக முகக்கவசம் போட்டார்கள் என்று 2021-இல் பல நாடுகளை ஒப்பிட்டு வந்த ஓர் ஆய்வு சொன்னது. தன்னால் இன்னொருவருக்கு வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அது. உங்கள் தங்கையை வீட்டில் நிறுத்தியதும் அந்த எண்ணம்தான், உங்களைக் காயப்படுத்தியதும் அதுதான். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கஷ்டம். எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அப்பா காலையில் இறந்தார், மதியம் ஒரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி கேட்ட நிமிடத்திலேயே அவள் காரில் ஏறியிருந்தாலும் சாயங்காலம்தான் வந்து சேர்ந்திருப்பாள். அப்பா முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அவள் வந்திருந்தால் கிடைத்திருக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு ராத்திரி நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கோபத்துக்கு அடியில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அப்பாவை அவள் பார்க்கவில்லையே என்பதைவிட, உங்களை அவள் பார்க்க வரவில்லையே என்பது.

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செய்தி சொல்லப் போகிறவன் ஒருத்தன், பந்தலுக்கும் நாற்காலிக்கும் ஓடுகிறவன் ஒருத்தன். அடுப்பு எரியாத வீட்டுக்குப் பங்காளி வீட்டில் இருந்து சாப்பாடு வரும். பெண் மக்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். வாய்க்கரிசி, நீர்மாலை, கோடி என்று ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை இருக்கும். கொள்ளி வைத்த மகனைப் பதினாறு நாளைக்கு யாரும் தனியாக விடமாட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் 'எப்படி ஆச்சு' என்று அதே கேள்வியைக் கேட்பார்கள், நீங்கள் அதே கதையை நூறு தடவை சொல்வீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நூறு தடவையில்தான் நடந்தது மனதுக்குள் இறங்கும். என்னைப் போன்ற ஆலோசகர்கள் அறை போட்டு மாதக்கணக்கில் செய்கிற வேலையை நம் கேத வீடு பதினாறு நாளில் செய்து முடிக்கிறது. உங்களுக்கு அந்தப் பதினாறு நாள் கிடைக்கவே இல்லை. எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள், கவச உடையில் வேர்த்து விறுவிறுத்து அப்பாவை அனுப்பினீர்கள், வீட்டுக்கு வந்தால் அம்மா கதவுக்கு அந்தப் பக்கம். அந்தக் கதையை இதுவரை யாருக்காவது முழுசாகச் சொன்னீர்களா?

தங்கைக்கும் அதே நிலைமைதான், இன்னும் கொஞ்சம் மோசமாகவே. அவள் இருந்தது புகுந்த வீடு. ஊரடங்கில் அக்கம்பக்கத்தில் ஒருவரும் துக்கம் விசாரிக்க வந்திருக்க மாட்டார்கள். அப்பா எரியும் நாளில் அவள் மாமியாருக்கு உப்புக் குறைத்துச் சமைத்துக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்குக் கிடைத்தது போனில் சில நிமிடப் படம், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. 'அப்பன் சாவுக்கு வராத மக' என்ற பேச்சு காலத்துக்கும் கூடவே வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. உங்கள் மீது குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் போனை வெட்டாமல் பிடித்துக்கொண்டு நிற்க யாராலும் முடிந்திருக்காது. ஆனால் அவள் பக்கத்தில் இருந்து அது எப்படித் தெரிந்திருக்கும்? அண்ணன் தன்னை வெட்டிவிட்டான் என்று.

அன்றைக்கு வராதவர்கள் இன்னும் எத்தனையோ பேர். மயானத்தில் உங்களோடு நின்றது இரண்டே பேர். மற்ற பங்காளிகள் எங்கே போனார்கள்? முதல் அலையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யப் போனவர்களையே சென்னையில் கல்லால் அடித்து விரட்டினார்கள். தொற்று வந்த வீடுகளைத் தகரம் வைத்து அடைத்தார்கள். ஜனங்களுக்கு நோய் மீதும் பயம், ஊர் வாய் மீதும் பயம். அது உங்களுக்குப் புரிந்திருக்கிறது. அதனால் அவர்களோடு இன்று பேசுகிறீர்கள், கடையில் கடனும் கொடுப்பீர்கள். அவர்கள் எல்லோருக்கும் கொடுத்த மன்னிப்பைத் தங்கைக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை. மற்றவர்களிடம் நீங்கள் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, அவளிடம் எதிர்பார்த்தீர்கள். கோபத்தின் அளவே அவள் உங்களுக்கு யார் என்பதைக் காட்டுகிறது.

இப்போது மூன்றாவது. இதில்தான் உங்கள் கேள்வி நியாயமானது. 2021 ஜூலை 5-ஆம் தேதியில் இருந்து தமிழ்நாடு முழுக்க மாவட்டங்களுக்கு இடையே பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. அவளுக்கும் ஊசி கிடைத்திருக்கும். அவள் வந்தது செப்டம்பரில். நடுவில் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டும். வந்தவள் பழத்தை வைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஏன் கிளம்பினாள், கடைக்கு வந்து 'அண்ணே' என்று ஏன் கூப்பிடவில்லை என்பதற்கும் சொல்ல வேண்டும். அதே நேரத்தில், கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், நீங்கள் ஏன் வரவில்லை என்று அவளும் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஓடிய வருடங்கள் இரண்டு பேருடையதும்தான்.

ஆகவே நீங்கள் அவளிடம் கேட்க வேண்டியது 'சாவுக்கு ஏன் வரலை?' என்பதை இல்லை. அதைக் கேட்டால் அவள் மாமியாரையும் புருஷனையும் காப்பாற்றிப் பேச வேண்டியிருக்கும், பேச்சு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். 'அதுக்கப்புறம் ஏன் வரலை? பஸ் விட்டும் ரெண்டு மாசம் ஆச்சே?' என்று கேளுங்கள். பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த வீடுகளில் பெரும்பாலும், 'உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு இருந்துச்சு' என்றுதான் வந்திருக்கிறது. வேறு ஏதாவது வந்தாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு நாளையும் அவளுக்குச் சொல்லுங்கள். அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார், என்ன பேசினார், யாரைக் கேட்டார், முகம் எப்படி இருந்தது என்று. உலகத்திலேயே அதைக் கேட்க உங்கள் அளவுக்கு உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு இதுவரை அது தெரியாது. ஆளுக்கு ஆள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் அவ்வளவாக இல்லை, அது தேவையும் இல்லை. அவள் 'தப்புதான்' என்று சொன்னால்தான் ஆச்சு என்று பிடிவாதமாக நிற்காதீர்கள்.

இதைப் போனில் செய்ய வேண்டாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அம்மா இருந்தால் இரண்டு பேரும் அவருக்காக அழுது சமாதானமாகிவிடுவீர்கள், விஷயம் அப்படியே கிடக்கும். தனியாகப் போங்கள். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவரும் பாவம். பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஒற்றை ஆளாக உங்கள் வாசலில் வந்து நின்றது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. தங்கை நேரில் வராதது முறையில்லை என்று நீங்கள் நினைப்பதில் தப்பில்லை. ஆனால் போன தடவை வந்தபோது அண்ணன் முகமே காட்டவில்லை என்ற பயம் அவளுக்கு இருக்காதா?

அம்மாவிடம் வேறொரு விஷயம் கேளுங்கள். தாலி இறங்கிய அன்று அவருடைய தம்பிகள் கோடி கொண்டுவரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய குறை நம் பக்கம் இல்லை. ஆனால் இன்று அவர் அந்தத் தம்பிகளோடு பேசிக்கொண்டுதான் இருப்பார் என்று நினைக்கிறேன். எப்படி முடிந்தது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவர் உள்ளே விழுங்கிக்கொண்டது என்ன என்று இதுவரை அந்த வீட்டில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லோரும் நோயாளியாகவும் விதவையாகவும்தான் அவரைப் பார்த்திருப்பார்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கல்யாணத்துக்குத் தடையாக இருப்பவரைப் போல. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த மே மாதத்தில் தனி அறையில் இருந்த மாமியாருக்குக் கஞ்சி வைத்தது யார்? ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது, நீங்கள் கழற்றிப் போட்ட துணியைத் துவைத்தது யார்? அத்தனையும் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் செய்திருப்பார். நாத்தனார் செய்திருக்க வேண்டியதையும் சேர்த்து அவர் செய்தார். 'அண்ணி, நீங்க இருந்தீங்க' என்று இன்று வரைக்கும் ஒரு வார்த்தை வந்திருக்காது. அந்தக் கோபம் நியாயமானது. அவரைச் சமாதானம் செய்ய நீங்கள் முயல வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. தங்கையைப் பார்க்கும்போது, 'உங்க அண்ணிகிட்ட நீ பேசணும்' என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். அவள் பேசிய பிறகும் மனைவிக்கு வர மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஏன் வரவில்லை என்று சபையில் கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லாமல், 'பிறகு வருவாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமாகத் தாய்மாமன் என்ன செய்வாரோ, உங்கள் வசதிக்கு என்ன முடியுமோ, அதைச் செய்யுங்கள். கோபத்தில் குறைத்துச் செய்கிறவர்கள் உண்டு. கோபத்தில் கூடுதலாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்! 'நீ வராட்டாலும் நான் எப்படிச் செய்றேன் பாரு' என்று கடன் வாங்கி வண்டி வண்டியாக இறக்கி ஊரை அசத்துவார்கள். வேண்டாம். உங்களுக்கும் கடன், அவளுக்கும் அவமானம்.

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, ஆம்புலன்ஸ் சத்தத்துக்குக் கை நடுங்குவதும், ஆஸ்பத்திரி ரோட்டைச் சுற்றிப் போவதும், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் தங்கையோடு சமாதானமானால் அது தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதை ஒரு மருத்துவரிடம் தனியாகக் காட்ட வேண்டும். இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் பலருக்கு இது இருக்கிறது. அந்த எட்டு நாள் இன்னும் முடியவில்லை என்றே உடம்பு நினைத்துக்கொண்டிருக்கிறது. துக்கம் ஒரு வருடத்துக்கு மேலும் அதே வேகத்தில் அன்றாட வாழ்க்கையை மறித்துக்கொண்டு நின்றால், அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாக 2022-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலும் சேர்த்துவிட்டார்கள். உங்களுக்கு அது இருக்கிறதா, பயத்தின் தழும்பு மட்டும்தானா, இரண்டுமா என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எதுவாக இருந்தாலும் பேச்சு மூலமாகவே நன்றாகக் குறையக் கூடியது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு அந்த ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கவே முடியாது என்றால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ராத்திரியில் தூக்கம் கெட்டாலோ, குடி கூடியிருந்தாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் ஒரு யோசனை, உங்கள் வழக்கத்துக்கு ஒத்து வந்தால் மட்டும். கல்யாணம் ஆவணியில். அதற்கு முன்னால் ஆடி அமாவாசை வருகிறது. அப்பாவுக்குப் பெரிய அளவில் காரியம் செய்யவில்லை என்ற குறை உங்கள் எல்லோருக்குமே இருக்கிறது. அன்றைக்குத் தங்கையை வரச் சொல்லுங்கள், அம்மாவின் தம்பிகளையும் மயானத்தில் உங்களோடு நின்ற அந்த இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். அப்பாவுக்குப் படையல் போட்டு, எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அழுகிறவர்கள் அழட்டும். இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று ஊரில் யாராவது கேட்பார்கள். அன்று விட்டது, இன்று செய்கிறோம் என்றால் போதும். கல்யாணத்தை வைத்துக்கொண்டு சாவைப் பேசலாமா என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள். அதனால்தான் முகூர்த்தக்கால் ஊன்றும் முன்பே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆடியில் கல்யாண வீட்டில் எப்படியும் வேலை குறைவு. ஆவணி பிறந்துவிட்டால் உங்கள் தங்கைக்கு ஜவுளி, நகை, மண்டபம் என்று உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. ஆகவே அமாவாசைக்கு ஒரு வாரமாவது முன்னால் சென்னைக்குப் போய் அவளைப் பார்த்துவிடுங்கள். அந்த ஒரு நாள் கடையை மகனிடமோ வேலை ஆளிடமோ விட்டுவிட்டுப் போகலாம்.